எண்ணிக்கை: ஒன்று, உள்ளடக்கம் அறியப்படவில்லை

2021 ஒக்டோபர் 27, புதன்கிழமை, காலை 6 மணி 52 நிமிடம். தூறல். காற்று வடகிழக்கிலிருந்து. சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற திசையே தெரியாத அளவுக்கு மந்தாரம். அந்த நிமிடத்தில்தான் என் பேரனின் கொரோனாத் தடுப்பூசிச் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டேன். நேரத்தையும் எழுதினேன். அதற்குப் படிவத்தில் இடம் விடப்பட்டிருக்கவில்லை, ஓரத்தில் எழுதினேன். ஓரத்தில் வேறு சிலவும் எழுதினேன். வந்த வினை எல்லாம் அந்தச் சிலவற்றால் வந்தது.

நான் முப்பத்துநான்கு வருடம் திருகோணமலைத் துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற கிளாக்கராக இருந்தவன். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகள் கயிற்று வலையில் தொங்கி வரும். நான்கு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பேன். கடைசியில் கையெழுத்துப் போடுவது மூட்டைகளின் எண்ணிக்கைக்கு மட்டும். மூட்டைக்குள் இருப்பது மாவா மணலா என்பது கிளாக்கருக்குத் தெரியாது. தெரியும் என்று எழுதினால் நாளைக்கு வழக்கு வரும்போது அவன் தலையில் விழும். ஆகவே கீழே ஒரு குறிப்பு எழுதிவிட வேண்டும்: உள்ளடக்கம் அறியப்படவில்லை. மூட்டை நனைந்திருந்தால் நனைந்தது, கிழிந்திருந்தால் கிழிந்தது. அந்த முப்பத்துநான்கு வருடத்தில் என் கையெழுத்தை வைத்து ஒருவராலும் நட்டஈடு கேட்க முடியவில்லை. என் மனைவி மட்டும் கலியாணப் பதிவில் நான் குறிப்பு எழுதாமல் கையெழுத்துப் போட்டதைக் கடைசிவரை சொல்லிக் காட்டினாள்.

அவள் போய் ஒன்பது வருடம். வீட்டில் இப்போது நானும் பேரனும்தான். மகளும் மருமகனும் டோஹாவில் வேலை. பேரனுக்கு அப்போது பதினேழு வயதும் நான்கு மாதமும். உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான், அதாவது பாடசாலை மூடியிருந்ததால் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தொலைபேசியில்தான் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை படிவம் வந்தது. புதன்கிழமை பாடசாலையில் ஊசி போடுவார்கள், பெற்றோரோ பாதுகாவலரோ ஒப்பமிட வேண்டும். அச்செடுத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

பெயர், வயது, ஒவ்வாமை எல்லாம் நிரப்பினேன். கையெழுத்துக்கு மேலே ஒரு வசனம் இருந்தது. இதன் நன்மை தீமைகளை நான் விளங்கிக்கொண்டேன் என்பது அதன் பொருள். பேனாவை மூடினேன். நான் விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கிக்கொள்ள ஐந்து நாள் இருந்தது.

முதலில் குடும்பத்து வட்ஸ்அப் குழுவைப் பார்த்தேன். லண்டன், டொரொண்டோ, டோஹா, உவர்மலை என்று எல்லா இடத்துச் சொந்தமும் அதில் உண்டு. ஐந்து நாளில் 143 செய்திகள். பிள்ளைகளுக்கு ஊசி போடு என்று 61. போடாதே என்று 58. மீதி 24 காலை வணக்கம், ரோசாப்பூப் படத்துடன். போடு என்ற 61 இல் பதினேழும், போடாதே என்ற 58 இல் ஒன்பதும் லண்டனில் இருக்கிற என் மச்சான் ஒருவரே அனுப்பியவை. அவர் செவ்வாய்க்கிழமை பின்னேரம் கட்சி மாறினார்.

மகளுடன் பேசினேன். நீங்கள் படித்த ஆள், நீங்களே முடிவெடுங்கோ அப்பா என்றாள். பின்னால் மருமகன் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கச் சொல்லும் சத்தம் கேட்டது. அவர் சொல்வதைக் கேட்க வேண்டாம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். பன்னிரண்டு நிமிடம் கழித்து, அவர் சொல்வதும் சரிபோலக் கிடக்கிறது என்று ஒரு செய்தி அனுப்பினாள். இப்படியாகப் பொறுப்பு முழுவதும் பத்திரமாக என்னிடம் வந்து சேர்ந்தது.

ஆகவே வழக்கம்போல் நாலரை மணிக்குத் தேநீர்க்கடைக்குப் போனேன். கடை உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறது. ஆறு பிளாஸ்டிக் கதிரைகள். இடைவெளிக்காக இரண்டில் சிவப்புப் புள்ளடி ஒட்டியிருந்தார்கள். நான்கு பேர் இருக்கலாம், பன்னிரண்டு பேர் அளவுக்குச் சண்டை பிடிக்கலாம். முகக்கவசம் எல்லோருக்கும் நாடியில் இருந்தது, தாடியைக் கொரோனா தொற்றிவிடும் என்பதுபோல.

அங்கே இரண்டு கட்சி. போடு என்கிற கட்சிக்கு ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர் தலைவர். மூதூர் ஆள், அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து கொடுத்தவர். எல்லோருக்கும் அவர் டொக்டர் நானா. போடாதே என்கிற கட்சிக்கு, கடைக்கு எதிரே ஓட்டோ நிறுத்துகிற ஓட்டோக்காரர். மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன். தனக்கு இரண்டு ஊசியும் போட்டவர். கேட்டால், அது வளர்ந்த ஆட்களின் விசயம், இது பிள்ளைகளின் விசயம் என்பார்.

"ஐயா, இலங்கைத்துறையில என்ர மனிசியின்ர தமையன் வீட்டுக்குப் பக்கத்துப் பெடியன். இருவது வயசு. ஊசி போட்டு மூண்டாம் நாள் மாமரத்தால விழுந்து கை முறிஞ்சது," என்றார் ஓட்டோக்காரர்.

"ஊசியா தள்ளினது?" என்று கேட்டார் டொக்டர் நானா.

"தலை சுத்தினபடியால்தானே விழுந்தவன்."

"மரத்தில ஏன் ஏறினான்?"

"மாங்காய்க்கு."

"அப்ப மாங்காயத்தான் முதல்ல விசாரிக்கணும்."

ஓட்டோக்காரர் இதற்கெல்லாம் அசைகிறவர் அல்லர். ஊசிக்குள் காந்தம் இருக்கிறது என்று காட்டுவதற்காகச் சட்டைக் கையைச் சுருட்டி, ஊசி போட்ட தோளில் இரண்டு ரூபாய் நாணயக் குற்றியை ஒட்டினார். ஒட்டியது. எட்டுச் செக்கன் நின்றது, நான் எண்ணினேன். டொக்டர் நானா அதை எடுத்து அவருடைய மற்றத் தோளில் ஒட்டினார். பதினொரு செக்கன். நெற்றியில் ஒட்டினார். பத்தொன்பது செக்கன் நின்று, பிறகு பிளேன்டீக்குள் விழுந்தது. ஓட்டோ ஓடுகிறவரின் வேர்வைக்கு இருக்கிற ஒட்டும் தன்மையைப் பற்றி அதற்கு மேல் ஆராய்ச்சி நடக்கவில்லை.

நான் டொக்டர் நானாவிடம் என் கேள்வியைக் கேட்டேன். இதயத்தசை வீங்குகிறது என்கிறார்களே, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?

"அது அரிது, கிளாக்கர்."

"அரிது எண்டால் எத்தினை?"

"மிச்சம் அரிது."

அரிது ஓர் எண் அல்ல என்று சொன்னேன். முப்பத்துநான்கு வருடத்தில் ஒருநாளாவது கணக்குத்தாளில் அரிதான மூட்டைகள் இறங்கின என்று எழுதியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். அவர் சிரித்துவிட்டு, நியாயமாகவே விளக்கினார். இளம் ஆண்பிள்ளைகளில் அந்த வீக்கம் சிலருக்கு வருகிறது, மறைப்பதற்கில்லை. பெரும்பாலும் சுகமாகிவிடுகிறது. அந்த நோய் வந்தாலும் இதே வீக்கம் வரலாம். மறுபக்கம், சுகதேகியான பிள்ளைக்குக் கொரோனா பெரிதாக ஒன்றும் செய்வதில்லை என்பதும் உண்மை. ஆகவே பிள்ளைக்கு இலாபம் எவ்வளவு என்று வெளிநாட்டில் பெரிய டொக்டர்மாரே முகம் சிவக்கச் சண்டை பிடிக்கிறார்கள். ஒரு நாட்டில் ஒன்று போதும் என்கிறார்கள், இன்னொரு நாட்டில் இரண்டு. தன்னுடைய பேரப்பிள்ளை என்றால் போடுவேன் என்று முடித்தார்.

ஓட்டோக்காரர் உடனே என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களோ ஐயா, அவையளுக்கே தெரியாது," என்றார்.

இந்த ஒரு வசனத்தில் அவர் சொன்னது பிழையும் அல்ல. அதுதான் எரிச்சல்.

ஆகவே புதன்கிழமை காலை 6.52க்கு, பேரன் சேர்ட் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கையில், படிவத்தின் ஓரத்தில் இப்படி எழுதினேன்: நன்மை, தீமை இரண்டும் சொல்லப்பட்டன. எண்ணிக்கை: ஒன்று. வெளித்தோற்றம் நல்ல நிலை. உள்ளடக்கம் அறியப்படவில்லை. கீழே ஒப்பம், திகதி, நேரம். மடித்து அவனிடம் கொடுத்தேன். அவன் வாசிக்காமல் கொண்டுபோனான். எனக்கு ஐந்து நாள் கழித்து அன்றுதான் நிம்மதியாகச் சாப்பாடு இறங்கியது. இரண்டு றொட்டி அதிகம்.

10.50க்குத் திரும்பி வந்தான், நனைந்துபோய். தோளில் பஞ்சு இல்லை.

நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் அவனிடமிருந்து எடுத்தேன். மேசையில் இருந்த சுகாதாரப் பரிசோதகர் என் குறிப்பை மூன்று தரம் வாசித்தாராம். பக்கத்திலிருந்த ஆசிரியரிடம் காட்டினாராம். இது ஓமா இல்லையா என்று கேட்டாராம். பேரன் ஓம் என்றிருக்கிறான். அப்படியென்றால் எழுதியவர் ஓம் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும், இது சரக்குக்கு எழுதுவதுபோல இருக்கிறது என்று அவனை வரிசைக்கு வெளியே ஒரு வாங்குப் பலகையில் இருத்திவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்; நான் தொலைபேசியை அலுமாரிக்குள் வைத்துவிட்டு றொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மற்றப் பிள்ளைகளுக்குப் போட்டு முடிய, அன்றைக்குக் கொண்டுவந்த மருந்தும் முடிந்துவிட்டது.

அத்துடன் நிற்கவில்லை. யாரோ படிவத்தைப் படம் எடுத்துவிட்டார்கள். பின்னேரம் நாலரைக்குக் கடைக்குப் போனபோது எனக்கு முன்னரே என் கையெழுத்து அங்கே போயிருந்தது. போடு கட்சிக்காரர் ஒருவர், படித்த ஆட்களே இப்படிப் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுகிறார்கள் என்று ஒரு குழுவில் எழுதியிருந்தார். போடாதே கட்சி அதைவிடக் கேவலமாக நடந்துகொண்டது. அவர்கள் என்னைப் பாராட்டினார்கள். துணிந்து கேள்வி கேட்ட முதியவர் என்று தலைப்பிட்டு, மூலையில் ஒரு சிங்கத்தின் படமும் போட்டிருந்தார்கள். இரவுக்குள் அது லண்டனுக்குப் போய், மச்சான் வழியாக மீண்டும் திருகோணமலைக்கு வந்தது. மொத்தம் ஏழு தரம் எனக்கே அனுப்பப்பட்டது.

ஓட்டோக்காரர் எழும்பி எனக்குத் தன் கதிரையைத் தந்தார். "ஐயா இனி எங்கட ஆள்," என்றார்.

நான் யாருடைய ஆளும் அல்ல, நான் ஊசிக்குச் சம்மதித்துத்தான் கையெழுத்து வைத்தேன், எழுதியது தொழில் பழக்கம் என்று விளக்கினேன். இரண்டு கட்சியும் சேர்ந்து சிரித்தது அந்த ஒருமுறைதான். டொக்டர் நானா மட்டும் சிரிக்கவில்லை. "கிளாக்கர், கப்பலுக்கு மூட்டையைத் திருப்பி அனுப்பலாம். பெடியன என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார்.

பெடியன் என்னுடன் பேசவில்லை. நடந்ததைச் சொன்ன பிறகு அன்றைக்கு என்னிடம் அவன் சொன்ன சொற்கள் மொத்தம் ஐந்து: வேண்டாம், பசிக்கேல்லை, ஓம், தெரியாது, படுக்கப்போறன். சிநேகிதர்கள் எல்லோரும் தோளைத் தடவிக்கொண்டு படம் போட, தான் மட்டும் சரக்கானது வெட்கம் என்றுதான் நினைத்தேன். அதற்குச் சமாதானம் சொல்ல வியாழக்கிழமை காலை அவனுடைய மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நான் பயந்தது உனக்காகத்தான், உனக்கு ஏதாவது வந்தால் உன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல என்றேன்.

அவன் திரும்பாமலே பேசினான்.

"எனக்குக் கொரோனா வந்தாலும் பெரிசா ஒண்டும் செய்யாதெண்டு எனக்குத் தெரியும், அம்மப்பா. நான் அதுக்கு ஊசி கேக்கேல்லை. பாடசாலை திறந்தா நான் நாப்பது பேரோட இருந்திட்டு உங்களிட்டத்தான் வரோணும். நீங்கள் ராவில இருமுறதை நான் எண்ணுறனான். நேற்று முப்பத்தாறு."

எனக்கு மாவுத் தூசி படிந்த நெஞ்சு. முப்பத்துநான்கு வருட மூட்டைகள் என்னிடம் விட்டுச்சென்றது அது ஒன்றுதான். நானே என் இருமலை எண்ணியதில்லை. ஊரில் எல்லாவற்றையும் எண்ணுகிறவன் நான் ஒருவன்தான் என்று இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவன் கோடு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

ஊசி போட்டாலும் தொற்று முழுதாக நிற்காதாமே, டொக்டர் நானா சொன்னார் என்றேன். சண்டையில் ஒரு புள்ளியாவது எடுக்க வேண்டுமே.

"அதுவும் தெரியும். கொஞ்சம் குறைஞ்சாலும் காணும், போதும்," என்றான்.

டொக்டர் நானா நான்கு இடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். நகரத்தில் அடுத்த சுற்று எப்போதென்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஈச்சிலம்பற்றில் ஒரு பாடசாலையில் போடுகிறார்களாம். புதிய படிவத்துடன் வந்தால் பார்க்கலாம் என்றார்களாம். புதிய என்ற சொல்லை அவர் இரண்டு தரம் சொன்னார். நெருக்கிக்கொண்டு போகிற பஸ்ஸில் என் நெஞ்சோடு ஏற எனக்குப் பயம். கடையில் இருந்த ஒரே வாகனம் ஓட்டோக்காரருடையது.

"நான் கொண்டுபோறன். ஆனா நான் இதுக்கு ஆதரவெண்டு ஒருத்தரும் சொல்லப்படாது," என்றார்.

வெள்ளிக்கிழமை 6.15க்குப் புறப்பட்டோம். மழை இல்லை, பாதையெல்லாம் தண்ணீர். கிண்ணியாப் பாலம் முதல் மூதூர் வரை பாலங்களை எண்ணுவது என் வழக்கம். அன்றைக்கு ஓட்டோக்காரர் கதையை நிறுத்தவே இல்லை. பின்னால் வரும் கோளாறு, வெளிநாட்டுச் சதி, பிள்ளை பிறக்காது என்பது எல்லாம் மூதூர் வருவதற்குள் முடிந்துவிட்டன. மூதூர் கழிய, தோப்பூர்ப் பக்கம், மறுபடி மாமரத்திலிருந்து தொடங்கினார். பேரன் காதுக்குள் தொலைபேசியின் பாட்டுக் கம்பியை மாட்டிக்கொண்டான். எனக்கு அந்த வசதி இல்லை.

ஈச்சிலம்பற்றில் மேசையில் இருந்தவர் ஒரு தாதி, முப்பது வயது இருக்கலாம். படிவத்தைப் பார்த்து, ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டார். சொன்னேன். அவருடைய கண் மட்டும் சிரித்தது. வட்ஸ்அப்பில் சிங்கத்துடன் வந்தது நீங்களா என்று கேட்டார். நான் என் கேள்வியைக் கேட்டேன். எத்தனை பேரில் எத்தனை?

அவர் ஓர் எண்ணைச் சொன்னார். மூச்சு விடாமல், இன்றைக்கு எங்களுக்குச் சொல்லித் தந்திருப்பது இது, நாளைக்கு மாறலாம் என்றும் சொன்னார். ஒரு வாரத்துக்கு ஓட்டம், பந்தடி வேண்டாம்; நெஞ்சு நொந்தால், மூச்சு வாங்கினால், படபடத்தால் யோசிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள் என்றார். அந்த எண் என் குறிப்புக் கொப்பியில் இருக்கிறது. இங்கே எழுதமாட்டேன், எழுதினால் யாராவது சிங்கம் ஒட்டி அனுப்புவார்கள். பெரிய எண்ணில் சிறிய எண். ஆனால் எண். ஆறு நாளாக நான் கேட்டது அவ்வளவுதான்.

கையெழுத்திட்டேன். ஓரம் வெள்ளையாகவே இருந்தது. கை குறிப்பு எழுதப் போனதை மறைப்பதற்கில்லை. பேரன் என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றான். குறிப்பைப் பிறகு என் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

ஊசி போட்டு இருபது நிமிடம் வாங்கில் இருந்தோம். ஓட்டோக்காரர் வளவுக்குள் வரவில்லை, கொள்கை. படலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

திரும்பும்போது அவருடைய கதை அடியோடு நின்றுவிட்டது. முதல் மதகில் ஓட்டோவை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நெஞ்சு நோகுதோ?" என்று கேட்டார். இல்லை என்றான் பேரன். இரண்டு மைல் போய் மறுபடி நிறுத்தினார். தோப்பூரில் நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். மூதூரில் வடையும் தேநீரும், என் காசில். ஒரு பாலத்தின் நடுவில் நிறுத்தி, பின்னால் வந்த லொறிக்காரனிடம் ஏச்சு வாங்கினார். பேரன் நித்திரையானதும், நித்திரையா மயக்கமா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் கேட்டார். நான் மூச்சை எண்ணிச் சொன்னேன்: நிமிடத்துக்குப் பதினாறு. காணுமா என்று கேட்டார். காணும் என்றேன், எனக்கும் தெரியாமல். கிண்ணியாப் பாலம் வருவதற்குள் பதினொரு தரம் நிறுத்தினார். பாலங்களை நான் எண்ணவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அன்று இரவு பேரனுக்குக் காய்ச்சல் நூறு, தோளில் நோவு. சனிக்கிழமை மத்தியானம் மூன்று தட்டுச் சோறு. ஊசி அவனுக்கு எவ்வளவு இலாபம், எனக்கு எவ்வளவு இலாபம் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. அடுத்த வருடம் இரண்டு பேருக்கும் கொரோனா வந்தது, இரண்டு பேரும் எழும்பினோம். அதை வைத்தும் இரண்டு கட்சியும் வெற்றி கொண்டாடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டோக்காரர் படலையில் வந்து நின்றார். வாடகை வாங்க வந்தவர், முதலில் பேரனைக் கூப்பிட்டு நிற்கவைத்து மேலும் கீழும் பார்த்தார்.

"நான் சொன்னது சொன்னதுதான் ஐயா. ஆனா பெடியன் நல்லா இருக்கிறான்," என்றார்.

காசைக் கொடுத்தேன். எண்ணாமல் சட்டைப்பைக்குள் வைத்தார். எண்ணிப் பாருங்கோ என்றேன்.

"நீங்கள் எண்ணினதுதானே."

காத்து நின்றதற்கும் பதினொரு தரம் நிறுத்தியதற்கும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டோ வாடகை, மூதூர் வடை, தேநீர், அச்செடுத்த இரண்டாவது படிவம், காய்ச்சல் குளிசை எல்லாம் சேர்த்து, அரசாங்கம் இலவசமாகப் போட்ட அந்த ஊசிக்கு எனக்குச் செலவானது ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபா.